நாவலும் பாட்டும்: காவிரிக்கரையிலிருந்து சில அபிப்பிராயங்கள்

மனிதர்கள் மனஸ்தாபம் கொள்ளாமல் வாதம் செய்வதற்கு இக்காலத்தில் எஞ்சியிருக்கும் விஷயங்கள் மிகச் சில. அரசியலில் தொடங்கும் பேச்சு சிநேகத்தில் விரிசல் கண்டு முடிகிறது. சாதி, சமயம் என்று தொடங்கும் பேச்சோ சில சமயம் காவல் நிலையம் வரை போய்த்தான் ஓய்கிறது. ஆனால் தமக்குப் பிடித்த நாவல் எது என்ற கேள்வியும், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் இந்த வாரம் யார் நன்றாகப் பாடினார் என்ற கேள்வியும், திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்துக் கடைவீதியிலும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் எத்தனை உரத்த குரலில் எழுப்பப்பட்டாலும், காபி வந்ததும் சமாதானத்தில் முடிந்துவிடுகின்றன. அபிப்பிராயம் சொல்வதில் இவ்வூர்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். சொன்ன அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதில் மட்டும் கொஞ்சம் நிதானமானவர்கள்.

நாவலைத் தனிமையில், மௌனமாக, ஒருவரே வாசிக்கிறார். பாட்டுப் போட்டியைக் குடும்பத்தார் எல்லாரும் கூடத்தில் அமர்ந்து, நடுநடுவே சண்டையிட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். முன்னதில் தீர்ப்புச் சொல்லும் உரிமை வாசகர் ஒருவருக்கே உண்டு. பின்னதில் நடுவர்கள், சிறப்பு விருந்தினர், வாக்களிக்கும் பொதுமக்கள் என்று தீர்ப்பாளர்களின் வரிசை நீள்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு பொழுதுபோக்குகளையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பேச முற்படுவதற்குக் காரணம், இரண்டும் நம்முடைய ரசனையைப் பரீட்சை செய்கின்றன என்பதும், அந்தப் பரீட்சைக்கு வேண்டிய அளவுகோல்கள் இரண்டும் ஸ்ரீரங்கத்துச் சம்பிரதாயக் கதைகளிலேயே நெடுங்காலமாகக் கிடைக்கின்றன என்பதுமே.

சிங்கப்பெருமாள் சொன்ன தீர்ப்பு

ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் என்று வழங்கும் ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் தமது இராமாயணத்தை அங்கேதான் அரங்கேற்றினார் என்பது ஐதிகம். அந்த அரங்கேற்றம் சுலபமாக நடந்துவிடவில்லை. தில்லையில் உள்ள தீட்சிதர்களின் சம்மதத்தைப் பெற்றுவரும்படி ஸ்ரீரங்கத்துப் பெரியோர்கள் கவியை அனுப்பினார்கள் என்றும், பல இடங்களில் அலைந்து சம்மதம் பெற்று வந்த பிறகும் அவர்களுடைய ஆட்சேபணைகள் ஓயவில்லை என்றும் கதை சொல்லுகிறது. இன்றைய பாட்டுப் போட்டியில் ஒரு சுற்றுக்குப் பின் மற்றொரு சுற்று என்று பிள்ளைகளை நிறுத்திவைக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

அந்த அரங்கேற்றத்தில் பெரிய தகராறு எழுந்த இடம் கவனிக்கத் தக்கது. வால்மீகியின் காவியத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்துப் பாடினார். மூலத்தில் இல்லாததைப் பாடலாமா என்று வித்துவான்கள் வினவியபோது, அருகே மேடான இடத்தில் சந்நிதி கொண்டிருக்கும் மேட்டு அழகிய சிங்கர் என்னும் சிங்கப்பெருமாள் சிரக்கம்பம் செய்து அந்தப் பகுதியை அங்கீகரித்தார் என்பது கர்ணபரம்பரை. இதைச் சரித்திரம் என்று ஒருவர் ஏற்காமல் போகலாம். ஆனால் இப்படி ஒரு கதையைக் கட்டி, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த சமூகத்தின் ரசனை எத்தகையது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மூலத்தைப் பிசகாமல் ஒப்பித்த இடத்துக்கு அல்ல, மூலத்தில் இல்லாததைத் தன் பிரதிபையால் சேர்த்த இடத்துக்கே தெய்வம் தலையசைத்தது என்று அச்சமூகம் நம்ப விரும்பியது. ரசனையின் முதல் அளவுகோல் இது: கலைஞன் புதிதாக என்ன கொண்டுவந்தான்?

எனக்குப் பிடித்த நாவல்கள்

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பிடித்த நாவல்களைச் சொல்லப் புகுகிறேன். இது தமிழ் நாவல்களின் தரவரிசை அன்று. திருச்சியையும் அதன் சுற்றுப்புறத்தையும் நினைத்துக்கொண்டு வாசிக்கும் ஒருவரின் பட்சபாதம் நிறைந்த பட்டியல்.

திருச்சிக்காரர் எவரும் தொடங்க வேண்டிய நாவல் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ என்பது என் துணிபு. 1941ஆம் ஆண்டு தாம் தொடங்கிய பத்திரிகையில் கல்கி முதன்முதலாக எழுதிய சரித்திரத் தொடர் அது. உறையூரை அடுத்த காவிரித் தோணித்துறையில், படகோட்டி பொன்னனையும் அவன் மனைவி வள்ளியையும் காட்டித் தொடங்கும் அக்கதை, பல்லவருக்குக் கப்பம் கட்டும் சிற்றரசாய்ச் சுருங்கிவிட்ட சோழநாட்டின் மன வேதனையை, அடிமைத்தளையில் இருந்த அன்றைய பாரதத்தின் வேதனையாகவே வாசகர்களை உணரச் செய்தது. இன்று கைத்தறிப் புடவைகளுக்கும் நாச்சியார் கோயிலுக்கும் பேர்போன, நகரத்தின் ஒரு பேட்டையாகிவிட்ட உறையூர், அந்த நாவலை வாசித்தவனுக்கு ஒரு ராஜதானியாகத் தோன்றாமல் போகாது. கல்கிக்கு இந்த ஊர் புதிதன்று. அவர் திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் பயின்று கொண்டிருந்த காலத்தில்தான், 1921இல், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை உதறிவிட்டுச் சென்றார். ‘பொன்னியின் செல்வ’னைப் பலரும் முதலிடத்தில் வைப்பார்கள், 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, 2022லும் 2023லும் திரைப்படமாகவும் வெளிவந்து, இன்றும் புத்தகக் கண்காட்சிகளில் விற்றுத் தீரும் அந்நாவலின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் ஐந்து பாகங்களில் விரிந்த வைபவத்தைவிட, ஒரே மூச்சில் வாசித்து முடிக்கக்கூடிய இந்தச் சிறிய கனவே என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது.

படகோட்டி என்றதும் நினைவுக்கு வரும் மற்றொரு நாவல், ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1922இல் வெளியிட்ட ‘சித்தார்த்தன்’. வேதமும் தவமும் போகமும் கற்பிக்காததை, ஓர் ஆற்றங்கரையில் ஓடக்காரன் ஒருவனோடு வாழ்ந்து அறியும் மனிதனின் கதை அது. அதனைத் தமிழாக்கியவர் திருச்சியிலிருந்து ‘சிவாஜி’ பத்திரிகையை நடத்திய திருலோக சீதாராம். பாரதி பக்தரும் கவிஞருமான அவருடைய மொழிபெயர்ப்பில் அந்த ஆறு எவ்வித சிரமமுமின்றிக் காவிரியாகிவிடுகிறது. ஐரோப்பிய நாவல் ஒன்று அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வாசிப்பதற்கு இத்தனை பொருத்தமாக அமைவது அபூர்வம்.

அதே ‘சிவாஜி’ பத்திரிகையில்தான், 1953இல், ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து புனித வளனார் கல்லூரியில் படித்த ரங்கராஜன் என்ற இளைஞரின் முதல் சிறுகதை அச்சாயிற்று. பிற்காலத்தில் அவர் சுஜாதா என்ற பெயரில் தமிழ் உரைநடைக்கே ஒரு புதிய நடையைக் கற்பித்தார். அவருடைய ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ இவ்வூரின் வீதிகளையும் விசித்திர மனிதர்களையும் சாசுவதமாக்கிய புத்தகம். எனினும் அது சிறுகதைகளின் தொகுதியாதலால் இப்பட்டியலில் சேராது. நாவல்களில் நான் எடுத்துக்கொள்வது ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. நாட்டுப்பாடல்களைச் சேகரித்து ஆராய வந்த கல்யாணராமன் என்ற பட்டணத்து இளைஞன், திருநிலம் என்ற கிராமத்து ஜமீன் மாளிகையில் தங்கி, கொலையும் மர்மமும் நிறைந்த சம்பவங்களில் சிக்கிக்கொள்வதைச் சொல்லும் அந்நாவலை, மர்மக்கதை என்ற அளவில் வாசித்து முடிப்பவர்களே அதிகம். எனக்கு அதில் பெரிதாகத் தோன்றுவது, படித்தவன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு பாட்டைத் தேடிக் கிராமத்துக்குப் போகிறான் என்ற செய்தி. பாட்டு எங்கே பிறக்கிறது என்ற வினாவை ஜனரஞ்சகத் தொடர்கதையின் உள்ளே நாசூக்காக வைத்துவிட்டார் சுஜாதா.

பாட்டைப் பற்றிய நாவல் என்றால் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை யாரும் ஒதுக்க முடியாது. கதை நடப்பது கும்பகோணத்தில். ஆனால் காவிரி ஒன்றுதானே? ‘சுதேசமித்திரன்’ வார இதழில் தொடராக வந்த அந்நாவலில், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவிடம் பாபு கொண்ட மோகத்தைப் பற்றியே உலகம் பேசுகிறது. என் வரையில் அந்நாவலின் உயிர் ரங்கண்ணாதான். சங்கீதத்தைச் சம்பாத்தியத்துக்கோ கைதட்டலுக்கோ உரிய வித்தையாகக் கருதாமல் நாதோபாசனையாகவே கொண்டு வாழும் அக்கிழவரிடம் பயின்ற பாபு, குரல் பக்குவப்படுவதற்கு முன் மேடையேறத் தயங்குகிறான். மேடைக்குப் போகாமல் இருப்பதற்கும் ஒரு வீரம் வேண்டும் என்பதைத் தமிழில் இவ்வளவு நுட்பமாகச் சொன்ன நாவல் வேறில்லை.

இசையைக் கதையாக்காமல் வாக்கியத்திலேயே இசையை ஏற்றியவர் லா.ச. ராமாமிர்தம். அவருடைய பெயரின் முதலெழுத்தில் நிற்பது லால்குடி. வயலின் மேதை ஜெயராமனை உலகுக்கு அளித்த அதே லால்குடி. 1970இல் வெளிவந்த ‘அபிதா’வை வேகமாக வாசிக்க முயன்றவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், உரக்க வாசித்தவர்கள் முடித்துவிட்டு மறுபடியும் தொடங்குவார்கள். மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள துவரங்குறிச்சியிலிருந்து 2004இல் வந்தது சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. சுவர்களுக்குள் அடைபட்ட முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையை, அவர்களுடைய பேச்சின் சுவை கெடாமல், அடக்கமும் அச்சமும் இன்றி எழுதிக் காட்டிய அந்நாவல், மேற்சொன்ன ஆண் எழுத்தாளர்கள் யாரும் நுழைந்திராத வீடுகளுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது.

இந்த நாவல்களுள் எதுவும் மற்றொன்றைப் போல் இல்லை. கல்கியைப் போல் எழுதிய நூற்றுக்கணக்கான பேர்களை நாம் மறந்துவிட்டோம். சுஜாதாவைப் போல் எழுதிய ஆயிரக்கணக்கான பேர்களை மறந்துகொண்டிருக்கிறோம். நாவல் உலகத்தில் ஒருவரைப் போல் இருப்பது குறை.

வாரம் ஒரு முறை காத்திருந்த காலம்

பாட்டுப் போட்டியைப் பார்த்து வாரந்தோறும் பரபரப்படையும் இளைஞர்களை, வாசிக்கும் பழக்கம் உள்ள பெரியவர்கள் சற்று இளக்காரமாக நோக்குவது வழக்கம். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அவர்கள் கொண்டாடும் நாவல்களில் பெரும்பாலானவை வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகள். பத்திரிகைக் கட்டு ரயிலில் வந்து இறங்குவதற்கு முன்பே கடை வாசலில் நின்ற கூட்டமும், வீட்டில் யார் முதலில் வாசிப்பது என்ற போட்டியும், கதாநாயகியைச் சாகவிடக் கூடாது என்று ஆசிரியருக்குப் பறந்த கடிதங்களும் எந்த வகையில் இன்றைய வாக்களிப்புக்குக் குறைந்தவை? கலைமணி என்ற புனைபெயரில் கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’, கோபுலுவின் சித்திரங்களோடு வந்தபோது, நாதஸ்வரமும் நாட்டியமும் ஒன்றையொன்று அறைகூவும் போட்டியைத் தமிழகமே வாரந்தோறும் காத்திருந்து பார்த்தது. 1968இல் அது திரைப்படமானபோது, கதை முடிவு தெரிந்திருந்தும் ஜனங்கள் மறுபடியும் சென்று பார்த்தார்கள்.

நாவலாசிரியரே இசைக்கு நடுவராக அமர்ந்த உதாரணமும் நம்மிடம் உண்டு. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய ஆடல் பாடல் விமர்சனங்கள், பெரிய வித்துவான்களின் கச்சேரிகளைக்கூட நகைச்சுவையும் கண்டிப்பும் கலந்து எடைபோட்டன. தமிழில் பாடுங்கள் என்று அவர் எழுப்பிய குரலில் தமிழிசை இயக்கமே வலுப்பெற்றது. இத்தனைக்கும் அவர் யாருக்கும் பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண் போடவில்லை. ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை ஏற்காதவர்கள் அவருக்கு மறுப்பு எழுதுவதற்கும் இடமிருந்தது.

தொலைக்காட்சியின் மேடை

பாட்டை வைத்து நடத்தும் போட்டி தமிழ்த் தொலைக்காட்சிக்கு மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று சொல்வது முழு உண்மையன்று. இலங்கை வானொலியில் பிரசித்தி பெற்றுப் பின் சன் தொலைக்காட்சிக்கு வந்த ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை அப்துல் ஹமீது தமது தெள்ளிய தமிழால் நடத்தியதும், ஏ.வி. ரமணன் ‘சப்தஸ்வரங்கள்’ நடத்தியதும் நடுத்தர வயதினர் பலருக்கு நினைவிருக்கும். ஜெயா தொலைக்காட்சியில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், பாட வந்தவர்களைப் பரீட்சிக்கும் நடுவராக அன்றி, தவறைச் சிரித்துக்கொண்டே திருத்தும் தகப்பனாராக அமர்ந்திருந்தார். மேல்நாட்டு அச்சு வந்த வழி வேறு. பிரிட்டனில் 2001இல் ‘பாப் ஐடல்’, அமெரிக்காவில் 2002இல் ‘அமெரிக்கன் ஐடல்’, இந்தியில் 2004இல் ‘இண்டியன் ஐடல்’ என்று பரவிய முறை, 2006இல் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்க’ராகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. ஆடிஷன், எலிமினேஷன், வைல்டு கார்டு, இறுதிச் சுற்று முதலிய சொற்கள் அதற்குப் பிறகுதான் நம்முடைய பாட்டிமார்களின் வாயிலும் சரளமாகப் புழங்கத் தொடங்கின.

இந்நிகழ்ச்சிகள் செய்த நன்மையை மறைப்பது நியாயமாகாது. சினிமாவில் ஒரு வரி பாடுவதற்குக் கோடம்பாக்கத்துக் கதவுகளைத் தட்டி ஆயுளைக் கழித்தவர்களின் காலம் ஒன்று இருந்தது. அந்தக் கதவைத் தொலைக்காட்சி அகலத் திறந்தது. திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளியில் படித்த பிரித்திகா 2017இல் சிறுவர் பிரிவில் வென்றதும், போர் வடுக்கள் ஆறாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கில்மிஷா 2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப’ சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றதும், சங்கீதம் கற்பிக்கச் சௌகரியமில்லாத குடும்பங்களுக்கெல்லாம் நம்பிக்கை அளித்த சம்பவங்கள். பழைய மெல்லிசைப் பாடல்களைத் தாத்தாவுக்குப் பேத்தி அறிமுகம் செய்யும் விந்தையும் இந்தக் கூடங்களில்தான் நிகழ்ந்தது.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்த வெற்றி, 2018இல் ‘சூப்பர் சிங்கர்’ பட்டம் பெற்ற செந்தில் கணேஷினுடையது. 1974 வரையில் பெரும்பகுதி திருச்சி மாவட்டத்தோடு இணைந்திருந்த புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த அவர், தம் மனைவி ராஜலட்சுமியோடு அந்த மேடைக்குக் கொண்டுவந்தது, தம் மண்ணின் நாட்டுப்பாடல்களை. சினிமாப் பாட்டுக்கென்றே அமைக்கப்பட்டிருந்த அளவுகோல்களில் அப்பாடல்களை எங்கே வைப்பதென்று நடுவர்களே திகைத்தார்கள், ஜனங்கள் திகைக்கவில்லை. சுஜாதாவின் கல்யாணராமன் கிராமத்துக்குத் தேடிப்போன பாட்டு, ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்குப் பிறகு தானே பட்டணத்துக்கு வந்து பரிசையும் பெற்றுக்கொண்டு திரும்பிற்று. மூலத்தில் இல்லாததைப் பாடியவருக்குச் சிங்கப்பெருமாள் தலையசைத்தது போன்ற தருணம் அது.

வருத்தம் என்னவென்றால், அத்தகைய தருணங்கள் விதிவிலக்காக இருக்கின்றன. வாரத்துக்கு வாரம் நடப்பது வேறு. இளையராஜாவின் இசையிலோ ஏ.ஆர். ரஹ்மானின் இசையிலோ பிரபலமான பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் பாடியவரின் மூச்சு, முனகல், கமகம், சிரிப்பு ஆகியவற்றை இம்மியும் பிசகாமல் திரும்பக் கொடுக்கும் பிள்ளைக்கே பாராட்டு மிகுதி. ‘ஜானகியம்மாவே பாடுவது போல் இருந்தது’ என்பதைவிட உயர்ந்த சர்டிபிகேட் அங்கே இல்லை. எஸ். ஜானகியைப் போல் பாடும் ஒரு குழந்தைக்கு எஸ். ஜானகியாக ஆகும் வாய்ப்பு இல்லை என்பதை எந்த நடுவரும் எடுத்துச் சொல்லுவதில்லை. நாவல் உலகத்தில் குறையாகக் கருதப்படும் சாயல், இங்கே கிரீடம் சூட்டிக்கொள்கிறது.

இதைத் தவிர இன்னும் சில உபத்திரவங்கள் உண்டு. பாடுவது மூன்று நிமிஷம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் குடும்பத்தின் வறுமையைக் காட்டும் படச்சுருளும், கண்ணீரும், நடுவர் மேடையேறி வந்து தழுவுவதும், பொன்னிறக் காகிதத் துகள்கள் பொழிவதுமாகப் பதினைந்து நிமிஷம் போகிறது. ஏழ்மையை மதிப்பதும் உதவுவதும் தர்மம். ஆனால் ஏழ்மையைப் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வைப்பது அந்தப் பிள்ளையின் வித்தைக்கே அவமரியாதை. புகழ்ச்சியின் நாணயமும் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பாட்டும் ‘வேற லெவல்’ என்று சொல்லப்படுமாயின், எந்த லெவலிலிருந்து வேறு என்பதைக் கேட்பவர் எப்படி அறிவார்?

மேடைக்கும் பட்டத்துக்கும் இடையே

திருச்சிக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேசய்யர் 1914இல் இந்நகரில் ரசிக ரஞ்சன சபாவைத் தோற்றுவித்தார். பாலக்கரையில் வளர்ந்த ஒரு பொற்கொல்லர் குடும்பத்துச் சிறுவனின் குரலைக் கேட்டு வியந்த அவர், தம் சபையின் ‘ஹரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்து அவனை மேடையேற்றினார். பத்து வயதுச் சிறுவன் பாடியதைக் கேட்டு ஊரே மயங்கியது. இந்நாளாக இருந்தால் அடுத்த வாரமே பட்டமும் வீடும் கொடுத்து, மறு வருஷம் மறந்திருப்போம். அந்நாளில் நடந்தது வேறு. சிறுவன் குருநாதர்களிடம் வருஷக்கணக்காகச் சங்கீதம் பயின்றான். நாடக மேடைகளில் இரவு இரவாகப் பாடிக் குரலை உரமேற்றினான். 1934இல் ‘பவளக்கொடி’யில் அவன் திரையில் தோன்றியபோது எம்.கே. தியாகராஜ பாகவதராகத் தோன்றினான். 1944 தீபாவளியில் வெளிவந்த அவருடைய ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கண்டுபிடிப்பதற்கும் கொண்டாடுவதற்கும் இடையே இருந்த அந்த நீண்ட இடைவெளிதான் பாகவதரை உண்டாக்கியது. இன்றைய போட்டிகள் கண்டுபிடிப்பதில் நடேசய்யருக்குக் குறைந்தவை அல்ல. அந்த இடைவெளியைத் தருவதில்தான் தவறிவிடுகின்றன.

1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி ஒலிபரப்பத் தொடங்கிய திருச்சி வானொலி நிலையமும் ஒரு விதத்தில் நடுவர் பதவி வகித்ததுதான். கலைஞர்களைக் குரல் தேர்வுக்கு உட்படுத்தித் தரம் பிரிக்கும் முறையை வானொலி வெகுகாலமாக அனுஷ்டித்து வருகிறது. அதில் மனக்கசப்புகளுக்குக் குறைவில்லை என்றாலும், குரலை முகத்திலிருந்து பிரித்துக் கேட்க வேண்டும் என்ற கொள்கை உயர்ந்தது. உடையும் ஒப்பனையும் ஊர்க்கதையும் இல்லாமல், பாட்டு ஒன்றே தனக்காக வாதாட வேண்டும். நாவலாசிரியரும் அப்படித்தான், முகம் காட்டாமல், காகிதத்தின் மூலமே நம்மை வசப்படுத்துகிறார்.

ஈரங்கொல்லியின் தீர்ப்பு

ரசனையின் இரண்டாவது அளவுகோலைச் சொல்லுவதற்கு மறுபடியும் ஒரு நாவலின் துணை வேண்டும். புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் விறுவிறுப்பான நாவல்களை எழுதிக் குவித்த ஸ்ரீ வேணுகோபாலன், தமது இயற்பெயரில் எழுதிய ‘திருவரங்கன் உலா’, ஸ்ரீரங்கத்தைப் பற்றித் தமிழில் வந்த நாவல்களுள் தலைசிறந்தது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். 1323இல் டில்லிப் படைகள் ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, உற்சவமூர்த்தியைக் காப்பாற்றுவதற்காகப் பக்தர்கள் எடுத்துக்கொண்டு புறப்பட்டு, பிள்ளை லோகாசாரியரைப் போன்ற ஆசாரியர்களை வழியிலேயே இழந்து, காடும் மலையும் கடந்து அலைந்த வரலாற்றை, கண்ணீரும் பரபரப்புமாக அந்நாவல் சொல்லுகிறது. பெருமாள் தம் ஊருக்குத் திரும்பியது 1371இல். ஒரு தலைமுறை மறைந்து மறு தலைமுறை தோன்றிவிட்டது.

திரும்பிவந்த மூர்த்தி பழைய மூர்த்திதானா என்ற வழக்கு அப்போது எழுந்ததாகக் கோயில் சம்பிரதாயம் கூறுகிறது. முன்பு கண்டவர்கள் உயிரோடு இல்லை. சாஸ்திரம் அறிந்தவர்களால் நிச்சயிக்க முடியவில்லை. கடைசியில், பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர், முதுமையில் பார்வையும் இழந்தவர், அழைத்துவரப்பட்டார். திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் தீர்த்தத்தைப் பருகி, ‘இவரே நம்பெருமாள்’ என்று அவர் சொன்னார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. வேத விற்பன்னர்களும் அதிகாரிகளும் கூடிய சபையில், நெடுநாள் பழக்கத்தால் கனிந்த ஒரு நாவின் சாட்சியே தீர்ப்பாயிற்று. பழக்கத்தால் முதிர்ந்த அறிவு என்பதே ரசனையின் இரண்டாவது அளவுகோல்.

மார்கழியில் பகல்பத்தும் இராப்பத்தும் நடக்கும் நாட்களில், அரையர்கள் தாளம் ஏந்தித் திவ்வியப் பிரபந்தத்தைப் பாடி அபிநயிப்பதை வருஷந்தோறும் நின்று கேட்கும் ஸ்ரீரங்கத்துவாசிகள், புதிய பாட்டைக் கேட்க வருவதில்லை. கேட்ட பாட்டையே கேட்க வருகிறார்கள். ஒரு நாவலை இருபது வயதிலும் ஐம்பது வயதிலும் வாசித்துப் பார்ப்பவர் செய்வதும் அதுவே. இந்தப் பழக்கம் இல்லாதவருக்குப் புதுமை எது என்பதே தெரியாது. இந்தப் பழக்கம் மட்டுமே உள்ளவருக்குப் புதுமை பிடிக்காது. சிங்கப்பெருமாளின் தலையசைப்பும் ஈரங்கொல்லியின் நாவும் சேர்ந்தால்தான் பூரண ரசிகர் உண்டாகிறார்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே தொலைக்காட்சி நிலையத்தாரிடம் கேட்டுக்கொள்வது இது: ஒவ்வொரு பருவத்திலும் சில வாரங்களையேனும், பாடுபவர் தாமே இயற்றிய பாட்டுக்கும், தம் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டுக்கும், தேவாரம், திருப்புகழ் முதலிய பழந்தமிழ்ப் பாட்டுக்கும் ஒதுக்குங்கள். வெற்றி பெற்ற குழந்தைக்கு வீட்டையும் தங்கத்தையும் கொடுப்பதோடு, ஐந்து வருஷம் நல்ல ஆசிரியரிடம் பயில்வதற்கான செலவையும் பரிசாகக் கொடுங்கள். நடுவர்கள் மதிப்பெண்ணோடு ஒரு காரணத்தையும் சொல்லட்டும்.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது: ஐந்தாவது சுற்றில் வெளியேற்றப்பட்ட குழந்தை சங்கீதத்திலிருந்து வெளியேற்றப்படவில்லை. மறுநாள் காலையிலும் அதனைச் சாதகத்துக்கு உட்காரச் செய்யுங்கள். போட்டியில் சேரத் துடிக்கும் பிள்ளைகளின் கையில், வயது வந்ததும், ‘மோகமுள்’ ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் சிறியது. திருச்சி மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் தெருவில் உள்ள கிளை நூலகத்திலோ மேற்சொன்ன நாவல்களுள் ஒன்றை இந்த மாதம் எடுத்து வாசியுங்கள். வாசித்தபின் என் அபிப்பிராயம் தவறென்று தோன்றினால், காரணம் காட்டி இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். எழுபது வருஷத்துக்கு முந்திய தொடர்கதை வாசகர்கள் அதைத்தான் செய்தார்கள்.